ஹாவாவுக்கு எத்தனை வயது

நியாமே, 25 ஆகஸ்ட் 2017

மகளுக்கு, அப்பா ஸுமானா சொல்லச் சொல்ல, பேருந்து நிலையத்து மூஸா எழுதுவது.

பெருவெள்ளத்தில் அவரைக்கொல்லைகள் மூழ்கி, நீர்யானை பள்ளிவாசல் முற்றம் வரை வந்து நின்ற வருடம், பெரிய இமாம் மௌத்தான வருடம், உன் ஹாவா படகில் பிறந்தாள். அதற்குப் பிறகு ஐந்து மழை கண்டாயிற்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாத்திரைக்காரப் பெண் மறுபடி வந்தாள். மழைக்காலம் நாலு மாதமும், ஐந்து வயது நிறையாத பிள்ளைகளுக்கு மலேரியாவைத் தடுக்கிற மாத்திரை. ஜூலையில் ஹாவாவுக்குக் கிடைத்தது. கசக்கிறது என்று பாதியை என் சட்டையில் துப்பினாள்.

"தாத்தா, பேத்திக்கு அஞ்சு முடியலையே?" என்றாள்.

"போன வியாழக்கிழமையோட முடிஞ்சு போச்சும்மா."

"நாலரைன்னு போட்டுக்கவா?" என்று கண்ணடித்தாள்.

"என் ஞாபகத்தையா பேரம் பேசுற? நான் என்ன ஜாமிலாவா?"

பக்கத்து வீட்டு ஜாமிலா, பல் விழுந்த பையனை நாலு வயது என்று நிறுத்தினாள். அவன் வாயைத் திறக்காமல் நின்று வாங்கிக்கொண்டான். மாத்திரை வாங்காத வீடு என்று நம் கதவில் அந்தப் பெண் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனாள்.

ஹாவா சுகம். சிவப்புச் செருப்பு கேட்கிறாள்.

அப்பா (கைநாட்டு)


லோமே, 4 செப்டம்பர் 2017

அன்புள்ள அப்பாவுக்கு ஸலாம்.

ஜாமிலா அக்காவுக்குப் போன் செய்தேன். உங்கள் காதில் வைத்ததும் "கொசு பாடுது" என்று திருப்பிக் கொடுத்தீர்களாம். அதனால்தான் எழுதுகிறேன். மூஸா அண்ணா, தயவுசெய்து சத்தமாகப் படியுங்கள்.

வெள்ளம் இரண்டு வருடம் அடுத்தடுத்து வந்தது, அப்பா. ஹாவா இரண்டாம் வெள்ளத்தில் பிறந்தவள். அவளுக்கு நாலு வயதுதான் ஆகிறது. பிறப்புச் சான்றின் நகலை ஒரு பையில் வைத்து பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். செப்டம்பர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மழை நிற்கிற சமயத்தில்தான் காய்ச்சல் கொத்துக் கொத்தாக வரும் என்று உங்களுக்கே தெரியும். கெஞ்சிக் கேட்கிறேன்.

செருப்பும் அதே பையில் இருக்கிறது.

உங்கள் பிபாத்தா


நியாமே, 24 செப்டம்பர் 2017

மகளுக்கு, மூஸா எழுதுவது.

செருப்பு பொருந்துகிறது. காகிதமும் வந்தது. அதில் வருடம் தப்பு. என்னிடமும் மூன்று காகிதம் இருக்கிறது, மூன்றிலும் மூன்று வயது. ஒன்றில் நான் "சுமார்" பிறந்திருக்கிறேன். நீ அன்றைக்கு மயங்கிக் கிடந்தாய். துடுப்புப் போட்டவன் நான்.

மாத்திரைக்காரி வந்து காகிதத்தைப் பார்த்தாள். "நாலுன்னுதானே போட்டிருக்கு, தாத்தா!"

"இந்தப் பேப்பர் அன்னிக்குப் படகுல இருந்துச்சா?"

"சரி, அடுத்த மாசம் வரேன். அதுக்குள்ள பாப்பாவுக்கு வயசு குறையுதான்னு பாருங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஜாமிலா வேலிக்கு அப்பாலிருந்து ஏதோ கத்தினாள். என் காதில் விழவில்லை.

மழை நின்றுவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. நேற்றிலிருந்து ஹாவா கம்பங்கூழ் வேண்டாம் என்கிறாள். உடம்பு கொஞ்சம் சுடுகிறது. வெயில்தான்.

அப்பா (கைநாட்டு)


லோமே, 12 நவம்பர் 2017

அப்பாவுக்கு,

நான் வந்து இறங்கியபோது ஹாவாவின் குழிமேட்டு மண் காய்ந்திருந்தது. நாற்பதாம் நாள் துக்கம் முடியும் வரை உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலும் உங்களுக்குக் கேட்டிருக்காது.

மாத்திரை கொடுத்திருந்தாலும் போயிருக்கலாம் என்று நர்ஸ் ஆறுதல் சொன்னார். கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. ஜாமிலா அக்காவின் பையன் வேலி ஏறி விளையாடிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. என்னை அப்படி ஆக்கிவிட்டீர்கள்.

உங்கள் சாப்பாட்டுக்கு ஜாமிலா அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இனி எழுதமாட்டேன்.

பிபாத்தா


நியாமே, 15 ஜனவரி 2018

மகளே,

நீ பதில் போடமாட்டாய் என்று தெரிந்தேதான் மூஸாவை எழுதச் சொல்கிறேன். புழுதிக் காற்று வீசுகிறது. கொசு ஒன்றுகூட இல்லை. மருத்துவ நிலையத்து பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. இந்த மாதத்தில் யாரும் காய்ச்சலில் சாவதில்லை.

என் கணக்கு சரி என்று சொல்ல ஒரு சாட்சி தேடி, படகில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எதுவும் மறக்கவில்லை. மருத்துவச்சி ஸலிகாவின் மடியில் உன் தலை. உன் அம்மா பாயைக் குடையாகப் பிடித்திருந்தாள். முன்னால் நின்று கோல் ஊன்றியவன் உன் அண்ணன் ஜிபோ. "அப்பா, இடது பக்கம், மரம்!" என்று அவன் கத்தியது இப்போதும் கேட்கிறது.

அங்கேதான் நின்றுவிட்டேன். முதல் வெள்ளத்தின்போது ஜிபோ ஊரிலேயே இல்லை, தங்கம் தோண்டுகிற குழியில் வேலைக்குப் போயிருந்தான். மறுவருடம்தான் திரும்பி வந்தான்.

இதை மூஸாவிடம் சொன்னேன். அவன் பேனாவை மூடி வைத்தான். "எழுதுடா" என்று அதட்டினேன்.

ஸலிகா போய்விட்டாள். உன் அம்மா போய்விட்டாள். மறுபடி தங்கம் தோண்டப் போன ஜிபோவின் மேல் குழி சரிந்தது. படகில் பிறந்தவளையும் நானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். என்னைச் சாட்சியில் சேர்க்காதே. யாராவது அவள் வயதைக் கேட்டால் இனி நான் வாய் திறக்கமாட்டேன். அந்தப் படகில் இருந்தவர்களில் உயிரோடு மிச்சம் இருப்பது நீதான், பிபாத்தா.