முதுகைத் திருப்பியவர்கள் நாங்கள், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் கோல்கீப்பர்

அனுப்புநர்
கோல்கீப்பரின் தாய்மாமன்,
சீட் கவர் தைப்பவர்,
மேற்கு வேலி ரசிகர் பேரவையின் நிரந்தரத் தலைவர் (போட்டியிட வேறு ஆள் வராததால்).

பெறுநர்
உயர்திரு முதல்வர் அவர்கள்,
மகளிர் கல்லூரி.

பொருள்: அரையிறுதியில் சிறப்பு விருந்தினருக்கு ரசிகர்கள் முதுகைக் காட்டியதற்காகக் கோல்கீப்பரை இறுதிப் போட்டியிலிருந்து நீக்கியதை ரத்து செய்யக் கோருதல், மற்றும் மன்னிப்புக் கேட்க மறுத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் கல்லூரி ஹாக்கி அணிக்கு இந்தப் பருவத்தில் வாய்த்த ரசிகர்களைப் போல இந்தப் பூமி உருண்டையில் வேறெந்த அணிக்கும் வாய்த்ததில்லை என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். முதல் ஆட்டத்தில் நம் பெண்கள் வாங்கிய கோல்களை எண்ண விரல் போதாமல் பக்கத்தில் நின்றவரின் விரலைக் கடன் வாங்கினோம். அன்றும் ஒருவர்கூட இடத்தை விட்டு நகரவில்லை. வெளியூர் ஆட்டங்களுக்கெல்லாம், ‘ஹாரன்’ என்று நாங்கள் செல்லமாக அழைக்கும் பேருந்து ஓட்டுநர், தன் வார விடுப்பைத் தியாகம் செய்து வாடகை வேன் ஓட்டினார். ஒருமுறை வேன் மக்கர் செய்தபோது நாங்கள் தள்ளிய வேகத்தில் முன்னால் போன லாரியையே முந்தினோம். கோல்கீப்பரைப் பெற்ற என் அக்காவே சாட்சி. அவள்தான் வண்டிக்குள் சொகுசாக உட்கார்ந்துகொண்டு, “சோறு தின்னவன் மாதிரி தள்ளுடா” என்று எனக்கு ஊக்கம் தந்தவள்.

2. இனி முதுகு விவகாரம். எதிரணி தன் கோலுக்கு முன்னால் தவறு செய்தால் நமக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு பெனால்டி கார்னர். தாங்கள் வேதியியல் படித்தவர் என்பதால் விளக்கினேன், தவறாக எண்ண வேண்டாம். இரண்டாவது ஆட்டத்தில் நமக்கொரு கார்னர் கிடைத்த அதே நொடியில் ஹாரனின் குடை காற்றில் பிய்த்துக்கொண்டு சாலைக்குப் பறந்தது. மைதானத்தின் மேற்கு வேலியோரம் நின்ற அத்தனை பேரும் குடையைப் பார்க்கத் திரும்பினோம். முதுகுக்குப் பின்னால் கோல் பலகையில் ‘டொக்’ என்றது. பருவத்தில் நாம் அடித்த முதல் கோல். எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அடுத்த கார்னரைக் கண்கொட்டாமல் பார்த்தோம். பந்து எங்கோ போனது. அதற்கடுத்ததற்குத் திரும்பி நின்றோம், டொக். ஆய்வுக்கூடத்தில் இதற்குமேல் எதை நிரூபிக்கிறீர்கள்?

3. அன்று முதல் நமக்குக் கார்னர் என்றால் மேற்கு வேலி முழுக்க முதுகுதான். ஊரெல்லாம் கண்ணால் பார்க்கும் கோலை நாங்கள் காதால் கேட்டு வருகிறோம். கோல் அடிக்கும் அந்தப் பெண்ணின் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அணி அரையிறுதிக்கு வந்தது இப்படித்தான். பயிற்சியும் ஓரளவு காரணமாக இருக்கலாம்.

4. அரையிறுதியில் இடைவேளை நேரம் நெருங்கியபோது நமக்குக் கார்னர் கிடைத்தது. நேரம் முடிந்தாலும் அந்தக் கார்னரை ஆடி முடித்த பிறகே இடைவேளை என்பது விதி. இது சிறப்பு விருந்தினருக்குத் தெரியவில்லை. இடைவேளை வந்துவிட்டதாக நினைத்து, மாலையும் கழுத்துமாக எல்லைக் கோட்டோரம் நடந்து, மேற்கு வேலியை நோக்கிக் கையசைத்தபடி வந்தார். அவர் சரியாக எங்கள் முன்னால் வந்து புன்னகைத்தபோது நடுவர் விசில் ஊதினார். நாங்கள் ஒரே ஆளாகத் திரும்பினோம். டொக். திரும்பியவாக்கிலேயே குதித்தோம், கத்தினோம், கட்டிப்பிடித்து அழுதோம். தமக்கு முதுகைக் காட்டிவிட்டு அதைக் கொண்டாடவும் செய்கிறார்கள் என்று அந்தப் பெரிய மனிதர் நினைத்ததில் தவறில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் மாலையைக் கழற்றி எறிந்திருப்பேன்.

5. ஆனால் அடுத்து நடந்ததில் தவறு உண்டு. தங்கள் உடற்கல்வி இயக்குநர், அணியின் முன்னிலையில் என் மருமகளை நிறுத்தி, ‘உன் மாமாதானே தலைவர், ரசிகர்கள் சார்பில் நீ விருந்தினரிடம் மன்னிப்புக் கேள்’ என்றிருக்கிறார். அவள் சொன்ன பதிலை அணியே எனக்கு ஒப்பித்தது:

“நமக்குக் கார்னர் வந்தா நான் பந்தப் பாக்க மாட்டேன் சார். நம்ம கோல்ல நின்னுக்கிட்டே மாமா முதுகத்தான் பாப்பேன். அவங்க திரும்பி நின்னா எனக்கு தைரியம் வரும். அத அவமானம்னு என் வாயால சொல்ல முடியாது.”

இதற்காக அவளை இறுதிப் போட்டியில் பெஞ்சில் உட்கார வைக்கப் போகிறார்கள். மாற்றுக் கோல்கீப்பர் தங்கமான பெண். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வதாக அவளே வெளிப்படையாகச் சொல்கிறாள்.

6. இப்போது என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள், எழுதிக் கொடுத்தால் அவளைச் சேர்த்துக்கொள்வார்களாம். ஐயா, மன்னிப்பு எனக்குப் பெரிய விஷயமே இல்லை. தைத்த சீட் கவரில் தையல் கோணினால் தினமும் கேட்கிறேன். வீட்டில் காரணம் தெரியாமலே கேட்கிறேன். விருந்தினர் மனம் வருந்தியதற்கு அவர் வீட்டுக்கே போய் வருத்தம் தெரிவிக்கவும் தயார். ஆனால் அவமதித்தோம் என்று நான் ஒப்புக்கொண்டால், அத்தனை பேர் முன்னால் அவள் சொன்னது பொய்யாகிவிடும். எங்களுக்காக நிமிர்ந்து நின்றவளை நானே குனிய வைப்பதா? “நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா அப்புறம் மாமான்னு கூப்பிட மாட்டேன்” என்று அவளும் சொல்லிவிட்டாள். ஆகவே மன்னிப்பு இல்லை. இன்றும் இல்லை, இந்த மைதானத்தில் புல் முளைக்கும் நாள் வரையிலும் இல்லை.

7. குற்றம் முதுகுடையது என்றால் தண்டனையும் முதுகுக்கே வரட்டும். இறுதிப் போட்டியில் மேற்கு வேலிக் கதவை எங்களுக்கு அடைத்துக்கொள்ளுங்கள். பேரவையே வீட்டில் இருக்கும். என் அக்காவைக்கூட எப்படியாவது நிறுத்திவைக்கிறேன். பருவம் முழுக்க எந்த ஆட்டத்தையும் விடாதவர்கள் இதைச் சொல்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். பதிலுக்குக் கேட்பது ஒன்றே: அவளைக் கோலில் நிறுத்துங்கள்.

8. நிறுத்தாவிட்டால், மேற்கு வேலிக்கு வெளியே இருப்பது பொதுச் சாலை. ஆட்டம் தொடங்கும் விசிலிலிருந்து முடியும் விசில் வரை நாங்கள் அனைவரும் அங்கே தங்கள் கல்லூரிக்கு முதுகைக் காட்டி நிற்போம். அன்று அதை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளத் தங்களுக்கு முழு உரிமை உண்டு.

விரைந்த முடிவை எதிர்நோக்கும்,
தங்கள் பணிவுள்ள, ஆனால் குனியாத,
கோல்கீப்பரின் தாய்மாமன்

இடம்: மேற்கு வேலி
நாள்: இறுதிப் போட்டிக்கு முந்தைய வியாழன்