ஒன்பதாம் வளைவில் என் ஜீப்புக்குக் காத்திருக்கும் ஏழு நாய்கள்

அனுப்புநர்
அ. குருசாமி (வயது 48),
த/பெ. அம்மாவாசி,
ஜீப் ஓட்டுநர்,
கிழக்குத் தெரு, நல்லமுடிபட்டி,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பொருள்: மலைச்சாலை ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் கைவிடப்பட்ட ஏழு நாய்களைக் கொல்லாமல் கீழே கொண்டுவந்து, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்ய உத்தரவிடக் கோருதல் – அவற்றை அங்கே விட்டவன் நானே என்பதைத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 19.07.2025 அன்று நடந்த இருசக்கர வாகன விபத்தில் நான் அளித்த வாக்குமூலம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் ஊரிலிருந்து மலைக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஜீப்பில் ஏற்றிச் செல்கிறேன். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் மாலை ஆறு மணிக்குள் இறங்கிவிடுவேன். இந்த மனுவை எழுதித்தரச் சொல்லி நான் யாரிடமும் போகவில்லை. தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதுபவர்கள் நன்றாகவே எழுதுவார்கள். ஆனால் இதை இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்க எனக்கு வாய் வரவில்லை. பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. எங்கள் பக்கத்தில் நாயை அடித்துக் கொல்வது பாவம் என்பார்கள். அதனால் வேண்டாத நாயை மலையேற்றிவிடுவார்கள். பெட்டைக் குட்டி, சொறி பிடித்தது, கோழியைக் கவ்வியது, திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் காவலுக்கு வளர்த்துவிட்டுக் குத்தகை முடிந்ததும் விட்டுப்போனது, திருப்பூருக்குக் குடிபெயர்ந்தவர்கள் வாசலில் கட்டிப்போட்டுவிட்டுப் போனது, எல்லாம் சாக்கில் என் ஜீப்பின் பின்பக்கம் வந்து சேரும். எட்டு வளைவு தாண்டிவிட்டால் நாய்க்குத் திரும்பிவர வழி தெரியாது என்பது ஊர் நம்பிக்கை. ஒன்பதாவது வளைவில் வண்டி ஒதுங்க இடம் இருக்கிறது. அங்கே சாக்கை அவிழ்ப்பேன். நாய் வெளியே வந்து உடம்பை உதறி முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுவேன். இதற்குக் கூலி வாங்கியதில்லை. ஊருக்குச் செய்யும் உதவி என்றே நினைத்திருந்தேன். பத்து ஆண்டுகளில் முப்பது நாய்களாவது இருக்கும். சிறுத்தை தூக்கியது போக, லாரியில் அடிபட்டது போக, இன்று மிஞ்சியிருப்பவை ஏழு.

3. விட்டதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மாலையில் இறங்கும்போது ஜீப்பில் வரும் பெண்கள் தூக்குவாளியில் மிச்சமிருக்கும் சோற்றை அந்த வளைவில் போடச் சொல்வார்கள். நிறுத்துவேன். வளைவுக்கு முன்பு ஹாரன் அடிக்க வேண்டும் என்பது சாலை விதி. நாய்களுக்கு அது சோற்று மணி ஆகிவிட்டது. என் ஜீப்பின் ஹாரன் தொண்டை கட்டியது போல் ஒலிக்கும். வேறு எந்த வண்டிக்கும் தலை தூக்காதவை, அதற்கு மட்டும் எழுந்து ஓடிவரும். ஜீப்பில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. 19.07.2025 சனிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணி இருக்கும். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் மதியமே வேறு வண்டியில் இறங்கிவிட்டதால் நான் தனியாக வந்தேன். எங்கள் தெருவைச் சேர்ந்த வினோத்ராஜ் (வயது 31), ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்ப்பவர், எனக்கு முன்னால் இருசக்கர வாகனத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் போனார். அவருக்குப் பின்னால் போக எனக்கே பொறுமை இல்லாமல் இருந்தது என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். வளைவில் ஹாரன் அடித்தேன். நாய்கள் மேட்டிலிருந்து இறங்கி, சாலையின் குறுக்கே என் ஜீப்பை நோக்கி ஓடிவந்தன. நடுவில் அவருடைய வண்டி இருந்தது. ஒரு நாய் முன்சக்கரத்தில் மோத, வண்டி சறுக்கித் தடுப்புச் சுவரில் இடித்தது. அவர் சுவருக்கு அப்பால் விழுந்தார். நான் இறங்கித் தூக்கியபோது உயிர் இருந்தது. அடிவாரம் வருவதற்குள் அடங்கிவிட்டது.

5. காவல் துறையினர் விசாரித்தபோது, அவர் வளைவில் வேகமாக வந்து சறுக்கிவிட்டார் என்று வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்திட்டேன். அவர்கள் நான் சொன்னதைத்தான் எழுதினார்கள். அவர்கள் மீது குறை இல்லை. நாய் என்று வாய் திறந்தால், யார் கொண்டுபோய் விட்ட நாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்தேன். மறுநாள் அங்கே நொண்டிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தவர்கள், நாய்கள் விரட்டித்தான் விழுந்தார் என்று பேச ஆரம்பித்தார்கள். அதையும் நான் திருத்தவில்லை. அவை யாரையும் விரட்டவில்லை, ஐயா. என்னை வரவேற்க வந்தன.

6. வினோத்ராஜுக்கு மனைவியும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறார்கள். மனைவி சொர்ணலதா, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து கேட்டது இது: "வேகமாப் போகாதீகன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்புவேன்ணே. நெசமாவே வேகமாத்தான் வந்தாகளா?" செத்துப்போன புருஷன் மேல் அந்தப் பெண்ணுக்குக் கோபம் இருந்தது. சொன்ன சொல்லைக் கேட்காமல் போய்விட்டாரே என்ற கோபம். அது என் பொய்யால் வந்தது. அன்றும் உண்மையைச் சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டேன். நேற்றுத்தான் அவர் வீட்டு வாசலில் நின்று, மேலே எழுதியுள்ள அனைத்தையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் என்னிடம் இனிப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

7. இதற்கிடையே, 05.08.2025 அன்று ஊராட்சியின் சார்பில் வந்ததாகச் சொல்லி இருவர் என்னைப் பார்த்தனர். வலை போட்டும் நாய்கள் சிக்கவில்லை, ஆளைக் கண்டாலே காட்டுக்குள் ஓடிவிடுகின்றன என்றனர். "ஒங்க ஹாரனுக்குத்தானண்ணே ஓடியாருதுக. கறிச்சோறப் போட்டு ஏத்தி, குப்பைக் கெடங்கு வரைக்கும் கொண்டாந்துருங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மிச்சம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. எழுத்தில் எதுவும் தரவில்லை. வருகிற 17.08.2025 ஞாயிற்றுக்கிழமை என்று நாள் மட்டும் குறித்திருக்கிறார்கள்.

8. அந்த வளைவில் இன்னொருவர் விழுந்துவிடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாய்கள் அங்கே இருக்கவே கூடாது. ஆனால் அவை தாமாக மலையேறவில்லை. எனவே 17ஆம் தேதிக்கு முன்பாகக் கால்நடை மருத்துவர் ஒருவரை அனுப்பி, அவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். முடிந்த பின் மறுபடியும் மலையில் விட வேண்டாம். மூன்றை நான் வளர்க்கிறேன். நாய் கொடுத்தவர்களில் இரண்டு வீட்டார், ஆளுக்கு ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள நேரில் சம்மதித்துள்ளனர். ஒரு வீட்டில் என்னைத் திட்டி அனுப்பினார்கள். மீதி இரண்டுக்கு வழி தெரியவில்லை. ஐயா அவர்கள்தான் சொல்ல வேண்டும். நாய் கொடுத்தவர்களின் பெயர்களை நான் எழுதவில்லை. வண்டி என்னுடையது என்பதால் என் பெயர் போதும்.

9. எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை கருத்தடை முகாம் நடந்தால், குட்டியை யார் தலையில் கட்டலாம் என்று எவரும் என் ஜீப்பைத் தேடி வரமாட்டார்கள். மலைச்சாலையில் நாய்களை இறக்கிவிடும் வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கவும், அதை என்னிடமிருந்தே தொடங்கவும் வேண்டுகிறேன். என் பழைய வாக்குமூலத்தை ரத்து செய்து, வினோத்ராஜ் மெதுவாகத்தான் வந்தார் என்று பதிவு செய்யவும் கேட்டுக்கொள்கிறேன்.

10. நாய்களைப் பிடிக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்று வந்தவர்கள் சொன்னது உண்மை. நானே போகிறேன். ஹாரன் அடித்தால் வந்துவிடும். பின்கதவைத் திறந்தால் ஏறிவிடும். வீட்டுக்குத்தான் கூட்டிப்போகிறான் என்று நினைத்து ஏறும். அவற்றைக் கொல்ல மாட்டார்கள் என்று ஐயா அவர்கள் கையெழுத்திட்ட ஒரு தாள் என் சட்டைப்பையில் இருந்தால் மட்டுமே அந்தக் கதவைத் திறப்பேன்.

இடம்: தேனி
நாள்: 11.08.2025

உண்மையைத் தாமதமாகச் சொல்லும்,
(ஒப்பம்)
அ. குருசாமி