கிளூஜ் போகும் ரவியிடம் சொன்னது

மார்கழி கடைசி வியாழன்.

இன்று மாலை தங்கை சுமதியும் அவள் கணவன் ரவியும் கே.கே. நகர் வீட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரவி ருமேனியா போகிறான். நான் இரண்டு வருடம் கட்டட வேலை பார்த்த அதே கிளூஜ் நகரம்.

“மச்சான், இன்னா இன்னா எடுத்துக்கினு போணும்?” என்று கேட்டான்.

பனியில் வழுக்காத ஷூ, உள்ளே போட்டுக்கொள்ளக் கம்பளி என்றேன். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்றேன். சுமதி பக்கத்தில் இருந்ததால் அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. நான் கான்ட்ராக்ட் முடிந்து திரும்பியதாகத்தான் அவள் நம்புகிறாள்.

அவள் உள்ளே அம்மாவிடம் பேசப் போனபோது ரவியை வாசலுக்குக் கூட்டிப்போனேன். சாரத்திலிருந்து விழுந்த என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் தங்கியிருந்த அறையிலேயே போட்டு வைத்திருந்து, பிறகு பாதியிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டதைச் சொன்னேன்.

“பாஸ்போர்ட்ட யார் கேட்டாலும் குடுத்துடாத மாப்ள. என்னுத கம்பெனில வாங்கி வெச்சிக்கினாங்க. பர்மிட் அந்த ஒரு கம்பெனி பேர்லதான் கீது. அவங்ககிட்ட சொல்லாம வேலைய விட்டு வெளிய வந்தா போலீஸ் புடிக்கும். கான்ட்ராக்ட்ட படிச்சியா?”

“அவங்க பாஷைல கீது. கையெழுத்து போட்டுட்டேன்.”

“போகாத.”

அவன், “இங்க வேலைய விட்டுட்டேன் மச்சான். நீ சொன்னத சுமதிகிட்ட மட்டும் சொல்லிடாத” என்றான். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சுமதி போன் செய்தாள்.

“அண்ணா, நீ அங்க நல்லாத்தான இருந்த?”

“நல்லாத்தாம்மா இருந்தேன்” என்றேன்.