எலுமிச்சைக் கறை படிந்த கத்தி

என்னங்க, உங்கள் கத்தி அலமாரியின் குண்டு பல்ப் இன்று காலையில் எரிந்து போய்விட்டது.

கதவைத் திறந்தேன். தோல் உறைகளின் வாசமும் நீங்கள் தடவி வைத்த எண்ணெய் வாசமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நீங்கள் போன பிறகும் அந்த பல்ப் அணையாமல் எரிந்துகொண்டுதான் இருந்தது. லிங்கி ஆற்றுப் பக்கத்து ஈரத்தில் தோல் பூஞ்சை பூத்துப்போகும், இரும்பு துருவேறும் என்று நீங்களே மாட்டியது. என் சமையலறை பல்ப் போனால் தீபாவளி வரட்டும் என்பீர்கள். இது போனால் அன்றைக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவீர்கள். கத்திக்கு எதற்கு வெளிச்சம் என்று ஒருமுறை கேட்டேன். "வெளிச்சத்துக்கு இல்ல, சூட்டுக்கு. ஒனக்குச் சொன்னா வெளங்கவா போவுது" என்றீர்கள். என்னிடம் நீங்கள் பேசிய பேச்சில் பாதி அப்படித்தான் முடியும்.

போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். உங்கள் கருமாதியன்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். படித்த மனுசன், ரசனைக்காரர், வெள்ளைக்கார நாட்டிலெல்லாம் சிநேகிதம் வைத்திருந்தவர். நானும் தலையாட்டிக்கொண்டு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். அவர்கள் விட்டதை இப்போது நான் சொல்கிறேன். குறுக்கே பேச நீங்கள் இல்லை என்பது ஒரு வசதி.

நீங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணி. நான் பால் மரம் வெட்டியவள் மகள். கணக்கு எழுதுகிற கைக்கும் கத்தி பிடிக்கிற கைக்கும் உள்ள தூரத்தை நீங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை. பால் மரத்தையெல்லாம் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டு, பிறகு தோட்டத்தையே விற்றபோது, செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலைக்குப் போனீர்கள். அங்கே இயந்திரம் பூட்ட வந்த பின்லாந்து எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது இடுப்பில் கட்டியிருந்த கத்தியை உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பூக்கோ என்பார்களாம். சாண் நீளம்கூட இல்லாத அலகு, நேர் முதுகு, கைப்பிடியில் ஒரு பூணோ வளையமோ கிடையாது. தோல் உறைக்குள் போட்டால் பாதிக் கைப்பிடியும் உள்ளே போய்விடும்.

"இத வச்சி என்னா பண்றது? நம்ம வீட்டுல பாராங்கு இருக்கே, அது போதாதா புல்லு வெட்ட?" என்றேன்.

நீங்கள் அன்றைக்குக் கோபப்படவில்லை. கைப்பிடியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினீர்கள். "புடிச்சிப் பாரு. இது கத்தி இல்ல. செஞ்சவனோட கை" என்றீர்கள். அது உண்மை. பிர்ச் மரத்துப் பட்டையைத் துண்டு துண்டாக அடுக்கி, அழுத்தி, இழைத்துச் செய்த கைப்பிடி அது. தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. எனக்கும் பிடித்துப்போயிற்று. அதை நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

பிறகு கம்ப்யூட்டரில் தேடித் தேடி ஒவ்வொன்றாக வரவழைத்தீர்கள். கடையில் அடுக்கி விற்கிற கத்தி உங்களுக்கு ஆகாது. ஒரு ஆள் தன் பட்டறையில் தானே அடித்ததாக இருக்க வேண்டும், அந்த ஆளின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். இவர் மான்கொம்பில் பிடி போடுகிறவர், இவர் அப்பா பட்டறையிலேயே இன்னும் அடிக்கிறவர் என்று வருகிறவர்களிடம் சொல்வீர்கள். எல்லாருக்கும் மேலே எய்னோ. வெள்ளைத் தாடி, ஒரு விரல் பாதிதான் இருக்கும். அவர் அலகு அடிக்க, அவர் மனைவி தோலை நனைத்து உறை தைப்பாராம். வீடியோவில் பேசும்போதெல்லாம் அந்த அம்மாவையும் கூப்பிட்டு நிற்க வைப்பார்.

"புருசன் அடிக்கிறான், பொண்டாட்டி தைக்கிறா. எவ்வளவு மரியாதையா அவளக் கூட்டியாந்து காட்டுறான் பாருங்க. கையால செஞ்சத மதிக்கத் தெரியணும்லா மனுசனுக்கு" என்று விருந்தாளிகளிடம் சொல்வீர்கள். சொல்லும்போது உங்கள் தட்டில் நான் அரைத்து வைத்த நண்டுக் குழம்பு இருக்கும். தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவுவீர்கள்.

எய்னோ உங்களுக்கென்றே ஒரு கத்தி அடித்து அனுப்பினார். அலகு அப்படியே கண்ணாடி. அது வந்த மறுவாரம் ஆயுத பூஜை. நீங்கள் உங்கள் தங்கை வீட்டுக்கு, சிரம்பானுக்குப் போயிருந்தீர்கள். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் ஆயுத பூஜை என்றால் பால் வெட்டும் கத்திகளையெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முனையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்தி, சாமி முன்னால் வரிசையாக வைப்போம். வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. கத்திக்கு அன்றைக்கு ஓய்வு. எங்களுக்குச் சோறு போட்ட கத்திக்கே அவ்வளவு மரியாதை என்றால், நீங்கள் இப்படித் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற கத்திக்கு வேண்டாமா? எல்லாவற்றையும் எடுக்கப் பயந்து எய்னோவின் கத்தியை மட்டும் எடுத்தேன். சந்தனம் பூசினேன், பொட்டு வைத்தேன், நல்ல மஞ்சள் பழமாகப் பார்த்து முனையில் குத்தினேன். கும்பிட்டு ஒன்று வேண்டிக்கொண்டேன்.

எங்கள் கத்தியெல்லாம் ஏற்கனவே கறுத்துக் கிடக்கும், புளிப்பு பட்டாலும் தெரியாது. இந்த இரும்பு அப்படியில்லை என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லித் தந்திருந்தால் தெரிந்திருக்கும். சொன்னால்தான் எனக்கு விளங்காதே.

காலையில் நீங்கள் வந்து பழத்தைப் பிடுங்கினீர்கள். முனையிலிருந்து அலகின் பாதி வரைக்கும் சாறு வழிந்த தடம் நீலமும் கறுப்புமாகப் படிந்திருந்தது. ஓரத்தில் சந்தனத்துக்கு அடியில் துரு. "காட்டுக்காரி" என்றீர்கள். "ஒங்காத்தா மாதிரியே காட்டுக்காரி. ஒனக்கு எதுக்குடி இந்த வேல?" என் அம்மா இறந்து அப்போது வருசம் திரும்பவில்லை. கத்திக்காக அவளைச் சுடுகாட்டிலிருந்து இழுத்து வந்தீர்கள்.

அது போதாதென்று எய்னோவை வீடியோவில் கூப்பிட்டீர்கள். என்னைப் பின்னால் நிற்க வைத்து, கத்தியைக் காட்டி, இங்கிலீசில் என்னென்னவோ சொன்னீர்கள். பிறகு அவர் என்னைப் பார்த்துப் பேசினார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் பேசினார். அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"என்னா சொல்றாரு?" என்று கேட்டேன்.

"நெஞ்சு வலிக்குதுங்கிறாரு. இந்த வயசுல இனிமே இப்படி ஒரு கத்தி தன்னால அடிக்க முடியாதாம். குப்பையில போடச் சொல்றாரு."

அவர் மறுபடியும் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "இன்னும் என்னா பாத்துக்கிட்டு நிக்கிற, போயி சோத்தப் போடு" என்றீர்கள். நான் போய்ச் சோறு போட்டேன். ரசத்தைக் கொட்டியதற்கும் திட்டு வாங்கினேன்.

கத்தியைக் குப்பையில் போடவில்லை நீங்கள். அலமாரியின் மேல்தட்டில் வைத்தீர்கள். யார் வந்தாலும் மற்ற கத்திகளைக் காட்டிவிட்டு, கடைசியில் அதை எடுப்பீர்கள். "இது நம்ம வீட்டம்மா கைவண்ணம்" என்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். என் தம்பி மகள் கல்யாணப் பந்தலில்கூடச் சொன்னீர்கள். ஒரு கிழவரை நெஞ்சு வலிக்க வைத்தவள் என்று நானும் நம்பினேன். கோயிலுக்குப் போனால் அந்த மனுசருக்காக ஒரு விளக்கு தனியாக ஏற்றுவேன். அது உங்களுக்குத் தெரியாது.

பிறகு உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது கையும் வாயும் போயிருந்தன. ஊட்டினேன், துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன். ஒருநாள் இடது கையால் அலமாரியைக் காட்டினீர்கள். ஒவ்வொரு கத்தியாக எடுத்துவந்து காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினீர்கள். கடைசியில் மேல்தட்டிலிருந்து அதை எடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கறையைத் தடவி, என்னைப் பார்த்து ஊம் ஊம் என்று அழுதீர்கள். சாகப்போகும்போதும் என் குத்தத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுகிற மனுசன் என்று நினைத்தேன். கத்தியைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு உங்கள் வாயைத் துடைத்தேன்.

கருமாதி முடிந்து நம் மகள் கவிதா எய்னோவுக்குச் செய்தி அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார். இன்னும் இருக்கிறார், பக்கத்தில் அந்த அம்மாவும் இருந்தார். கவிதா பேச, நான் பின்னால்தான் நின்றேன், பழக்கம். அவர் என்னைப் பார்த்ததும் மறுபடி கையை நெஞ்சில் வைத்தார். நான் கும்பிட்டு, "அன்னிக்கு நடந்ததுக்கு மன்னிச்சிக்கங்கன்னு சொல்லு" என்றேன்.

கவிதா சொன்னாள். அவர் முழித்தார். அவள் திரும்பி, "அம்மா, அப்பா ஒங்ககிட்ட என்னா சொன்னாரு?" என்றாள். சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

"அவரு அப்படிச் சொல்லவே இல்லையாம்மா. அந்தக் கறய அழிச்சிடாதீங்கன்னுதான் சொன்னாராம். எத்தனையோ கத்தி அடிச்சிருக்காராம். வாங்குனவங்க கண்ணாடிப் பொட்டியில வச்சாங்களாம், மீனு வெட்டுனாங்களாம், வித்துட்டாங்களாம். சாமிக்கு முன்னால வச்சது நீங்க ஒருத்தர்தானாம். அதக் கேட்டு நெஞ்சு நெறஞ்சி போச்சின்னு சொன்னாராம்."

அதோடு முடியவில்லை. நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்கச் சொன்னாராம். நீங்கள் என் பக்கம் திரும்பி ஏதோ பேசிவிட்டு, "ஒன்றுமில்லை, அவர்கள் வழக்கம், அவ்வளவுதான்" என்று பதில் சொன்னீர்களாம். சோத்தப் போடு என்றது எனக்கு. ஒன்றுமில்லை என்றது அவருக்கு. இரண்டு பக்கமும் ஒரே வாயால் அடைத்திருக்கிறீர்கள்.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் எய்னோ என்னைப் பாராட்டிவிட்டார், உங்களுக்குப் பொறுக்கவில்லை. காட்டுக்காரி செய்ததைக் கத்தி செய்தவரே கும்பிட்டுவிட்டார்.

"அன்னிக்கு மடியில வச்சிக்கிட்டு அழுதாருல்ல, மன்னிப்பு கேட்டிருப்பாரும்மா" என்கிறாள் கவிதா. இருக்கலாம். வாய் இருந்தபோது பந்தலில் நின்று என்னைப் பற்றிச் சொல்லிச் சிரித்தீர்கள். உண்மையைச் சொல்ல வாய் போகிற வரைக்கும் காத்திருந்தீர்கள். அந்த அழுகையை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிடுங்கி உள்ளே வைத்ததற்கு எனக்கு வருத்தமும் இல்லை.

எய்னோவின் கத்தி இப்போது சமையலறையில் இருக்கிறது. வெங்காயம் வெட்டுகிறேன், மீன் செதில் எடுக்கிறேன். கறை இன்னும் கறுத்துவிட்டது. பிடி என் கைக்குப் பழகிவிட்டது. கவிதா அதைப் படம் எடுத்து அனுப்பினாள். அந்த அம்மா, உறை கிழிந்தால் சொல்லுங்கள், புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. புது பல்ப் மாட்டப்போவதில்லை. அலமாரியைக் காலி செய்து, கண்ணாடி மாதிரி பளபளக்கிற உங்கள் கத்திகள் அத்தனையையும் சாமி முன்னால் அடுக்கப்போகிறேன். பாசாரில் எலுமிச்சம்பழம் சொல்லி வைத்தாயிற்று, ஒரு கத்திக்கு ஒரு பழம். மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது.

அன்றைக்கு நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எய்னோ கவிதாவிடம் மறுபடியும் கேட்டார். சொன்னேன். அவள் அழுதுகொண்டே அவருக்குச் சொன்னாள். அவர் தன் மனைவிக்குச் சொன்னார். கடல் தாண்டி இருக்கிற அந்த இரண்டு பேருக்கும் தெரியும், நம் மகளுக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் வேண்டினேன். என்ன வேண்டினேன் என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.