அக்கா எடுத்து வைத்த பிடியரிசி

பாசமுள்ள அத்தானுக்கு,

அக்காவை நற்கருணைப் பந்தியிலிருந்து விலக்கி வைத்துவிட்டார்கள். இது காற்றுவாக்கில் வந்த செய்தி இல்லை. போன சனிக்கிழமை சூரியநெல்லிக்கு ஏறிப்போய் சபை மூப்பர் மாசிலாமணியிடமே கேட்டேன். "ஆமாந் தம்பி, சபையில தீர்மானம் ஆயிருச்சு. கொண்டாந்ததே நாந்தான்" என்றார். அடுத்து, கடுங்காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

நீங்கள் போனபின் நடந்தது இது. பாதிரி ஐயர் வந்து மன்னாவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எகிப்தை விட்டு வந்த சனத்துக்கு வனாந்தரத்தில் கர்த்தர் அன்றாடம் வானத்திலிருந்து அந்த உணவைத் தந்தார், நாளைக்கென்று பதுக்கியவர்களுடையது புழுத்து நாறியது என்றார். நம் உபதேசியார் எதையும் பதுக்காமல் விசுவாசத்தில் மரித்தார் என்று உங்களைப் புகழ்ந்தார். அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"இன்னும் கீழ வாசிங்கய்யா, அதே அதிகாரந்தான். பின்னால வாறவுக பாக்கட்டும்னு ஒரு கலசம் நெறைய மன்னாவ எடுத்து வைக்கச் சொன்னது யாரு? கர்த்தரே எடுத்து வைக்கச் சொல்லிருக்காரு. எம் புள்ளைக்கு நான் எடுத்து வச்சா மட்டும் பாவமா?"

ஐயர் வேதத்தை மூடிவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டார்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். நம் பெண்கள் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அந்தப் பெருமழையில் போடிப் பாதை சரிந்தது. அரிசிப் பொதிமாடுகள் ஏறவில்லை. நீங்கள் தோட்டக் கூலிகளின் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போய் மன்னாவின் கதையைச் சொன்னீர்கள். வீட்டு அரிசியை அள்ளிக் கொடுத்தீர்கள். அக்கா தடுக்கவில்லை. பிடியரிசிக் கலயத்தை மட்டும் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் விறகுக்குப் பின்னால் வைத்தாள். சின்னவன் எபிக்கு அப்போதே பேதி கண்டிருந்தது.

நீங்கள் அதையும் கண்டுபிடித்தீர்கள்.

"இது ஆண்டவரோடது, அன்னம். ஒளிச்சு வச்சா புழுத்துரும்."

"புழுத்தா கழுவித் திங்கோம். கீழ வைங்க."

நீங்கள் வைக்கவில்லை. மாசிலாமணி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அங்கே கஞ்சி கொதித்தது. அவர் பிள்ளைகள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் காட்டுக் கிழங்கு வெந்தது. எபியின் வயிறு அதைத் தாங்கவில்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாசலில் நின்று, "என்ன உபதேசியாரே, இன்னைக்கு வானத்துலேருந்து எத்தன மூடை எறங்குச்சு?" என்று கேட்டாராம். நீங்கள் சிரித்தீர்களாம்.

எபியின் குழியருகில் நீங்கள், "கர்த்தர் நம்மளச் சோதிக்கிறாரு, அன்னம்" என்றீர்கள். "சோதிக்கட்டும். அதுக்கு எம் புள்ளதான் கெடச்சானா?" என்றாள். அதற்குப் பிறகு காய்ச்சல் உங்களையும் கொண்டுபோகும்வரை அவள் உங்களோடு பேசவில்லை. மகள் கிருபைதான் உங்கள் வாயில் தண்ணீர் ஊற்றினாள்.

பசித்தவனுக்குக் கொடுத்தது தப்பு என்று நான் எழுதமாட்டேன். பசித்தவர்களில் உங்கள் மகனைச் சேர்க்க எப்படி மறந்தீர்கள், அத்தான்?

அந்த அதிகாரத்தை நானும் முழுக்க வாசித்தேன். புழு வந்தது உண்மை. ஆனால் ஓய்வுநாளுக்கு முந்தின நாள் இரட்டிப்பாய்ச் சேர்க்கச் சொன்னவரும் அவர்தான், அது புழுக்கவில்லை. நாளைக்கு வராது என்று தெரிந்தால் இன்றைக்கே எடுத்து வைக்கச் சொல்லுகிற கர்த்தர் அவர். பாதை சரிந்த அன்று உங்கள் வீட்டில் அதைச் செய்தவள் அக்கா ஒருத்திதான்.

இன்னொன்றும் கண்டேன். அந்த மன்னா யாருக்கு வந்தது? ஜெபித்தவர்களுக்கா? எகிப்திலாவது இறைச்சிச் சட்டி இருந்ததே, எங்களைச் சாகடிக்கவா கூட்டிவந்தீர் என்று முகத்துக்கு நேராக முறுமுறுத்தவர்களுக்கு வந்தது. அவர் அவர்களைப் பந்தியிலிருந்து எழுப்பவில்லை. சாப்பாடு போட்டார்.

இதை மாசிலாமணியிடம் சொன்னேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த அரிசிய நாங்க தின்னோம், தம்பி. இல்லைங்கல. அதுக்காகச் சபையில ஒரு பொம்பள எந்திரிச்சு ஐயர எதுத்துப் பேசுறதா?"

அக்கா மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் சபை கொடுத்த உபதேசியார் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதே தீர்மானம். என்னோடு மதுரைக்கு வந்துவிடச் சொன்னேன். "ரெண்டு குழியையும் விட்டுட்டா? போடா" என்றாள். மன்னிப்புக் கேட்பாயா என்றேன். கிருபையின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு அசனப் பண்டிகை. எல்லா வீட்டு அரிசியும் ஒரே அண்டாவில் வேகும் நாள். ஐயர் அன்றைக்கு வருகிறார்; மன்னிப்பா, வீட்டைவிட்டுப் போவதா என்ற முடிவும் அன்றைக்குத்தான். நான் வருவேன், அத்தான். அக்காவுக்குப் பந்தியில் இடமில்லை என்றால், அவளோடு கோயிலுக்கு வெளியே உட்காருவேன். அவள் என்ன பேசினாலும் ஒரு வார்த்தையையும் மழுப்பாமல் உங்களுக்கு எழுதுவேன்.

உங்கள் மைத்துனன்,
அன்னத்தின் தம்பி தேவதாஸ்