அதீனாவின் நிறம்

இந்த முகத்துக்கு நீ என்ன நிறம் பூச நினைத்திருந்தாய்? எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

லண்டன் நோர்பரியில், எங்கள் சாப்பாட்டு மேசையில், நீ கடைசியாகச் செய்த தலை இருக்கிறது. போர்வையை விலக்கியதும் உன் வேலைக்கூடத்துப் பிளாஸ்டர் மணம். கிரேக்கத் தெய்வம் அதீனாவின் தலைக்கவசம். அதன் கீழே என் அம்மாவின் அகன்ற மூக்கும் தடித்த உதடும். நிறம் பூசுமுன் நீ கண்ணை மூடிவிட்டாய். உன் சிலைகளைக் கண்காட்சிக்கு வைக்கும் பெண் நாளை இதை எடுத்துப்போக வருகிறாள். வெள்ளையாகவே வைப்பதா, உன் மற்றச் சிலைகளைப்போல் நிறம் பூசுவதா? உன் தங்கை முடிவை என்னிடம் விட்டுவிட்டாள்.

ஒருமுறை அருங்காட்சியகத்தில் கிரேக்கப் பளிங்குச் சிலைகளின் முன் நின்று, இவையெல்லாம் ஒருகாலத்தில் வண்ணம் பூசப்பட்டவை என்றாய். "இந்த வெள்ளை மழையும் மண்ணும் விட்ட மிச்சம். அதைத்தான் அழகு என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள்." ஒரு சிலையின் கழுத்து மடிப்பில் சிவப்புத் தடம் ஒன்றைக் காட்டினாய். துருவாகவும் இருக்கலாம் என்றேன். "உன்னோடு கோயிலுக்குப் போனாலும் சாமியிடம் சாட்சி கேட்பாய்" என்று சிரித்தாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை மனோர் பார்க்கில் கோயிலுக்கே கூட்டிப்போனேன். எண்ணெயில் மினுங்கிய கருங்கல் மூலவரை, அவருடைய பட்டாடையையும் சந்தனத்தையும், அசையாமல் பார்த்தாய். "உங்கள் ஆட்கள் மட்டும் பூசுவதை நிறுத்தவேயில்லை" என்றாய்.

அன்னதானத்தில் அம்மா உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கறுப்பெண்டாலும் நல்ல களையான பிள்ளை. இன்னும் கொஞ்சம் சோறு போடு."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். உனக்குக் கோபம் வரவில்லை. "ஜமேக்காவில் என் பெரியம்மாவும் இதையேதான் சொல்லுவா. இப்ப கும்பிட்ட கல்லு என்ன நிறமாம், உன் அம்மாவைக் கேள்."

"அது சாமியெல்லோ, பிள்ளை!" என்றார் அம்மா.

அன்றுதான் இந்தத் தலைக்கு உருவமாதிரியாக வந்து அமரும்படி அம்மாவைக் கேட்டாய். "இந்தக் கிழட்டு மூஞ்சியையோ?" என்றவர், ஒவ்வொரு முறையும் பவுடர் பூசிக்கொண்டே வந்தார். துடைக்கும்படி நீ சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு இந்தக் குழப்பம். பவுடர் பூசிய அம்மாவா, பூசாத அம்மாவா, அந்தக் கருங்கல்லா?

இனி, மறுநாள் நடந்தது.

கண்காட்சிப் பெண் வந்தாள். தேத்தண்ணியோடு வந்த அம்மா போர்வை விலக்கிய தலையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"இதென்ன, எனக்குச் சுண்ணாம்பு அடிச்சு விட்டிருக்கு?"

"அப்ப என்ன நிறம் பூசுறது, அம்மா?"

அம்மா கம்பளிச்சட்டையின் கையைச் சுருட்டி, முழங்கைக்குக் கீழே வெறுங்கையைப் பிளாஸ்டர் கன்னத்தோடு வைத்தார். "இதுதான். வேற என்ன?"

அந்தப் பெண் தன் நிற அட்டைகளை அம்மாவின் கையருகே பிடித்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை, கலந்துதான் எடுக்கவேண்டும் என்றாள். சரி என்றேன். நீ நினைத்த நிறம் அதுதானா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

தலை போனபிறகு பார்த்தேன், அம்மாவின் கையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனார்.