சங்கீதாவின் ஆடி விரதம்

ஆடி 13, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மேகமூட்டம். மழை இல்லை. மாடியில் காயப்போட்ட மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், என் வீட்டுக்காரர் அள்ளுவதும் மறுபடி பரப்புவதுமாக இருந்தார். கடைசியில் வெயில் வந்தது, அவருக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

இன்றைய வேலை: மருமகள் சங்கீதாவின் ரவிக்கைகளைப் பக்கத்தில் பிடிப்பது. பிடித்தால் போதாது, பிரித்தே தைக்க வேண்டும் போலிருக்கிறது. அவ்வளவு தொளதொள.

ஊசியில் நூல் கோக்கும்போது பழைய கேள்வி ஒன்று. எட்டாம் வகுப்பு, தொண்டூர்ப் பக்கம் வேலை பார்த்த காலம். சத்துணவுப் பாடம். வழக்கம்போல எடுத்துக்காட்டு சொன்னேன்: கொழுப்பு மிஞ்சிய கோழி முட்டை குறைத்துப் போடும், எலும்பு தெரியும் பசு சினைக்கு வராது. கடைசி பெஞ்சிலிருந்து மஞ்சுளா எழுந்தாள். "டீச்சர், நீங்க இவ்ளோ ஒல்லியா இருக்கீங்களே, அதனாலதான் உங்களுக்குப் புள்ள இல்லியா?"

எனக்குக் கோபம் வரவில்லை. பசுவைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஊரில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் பேசியதை அவள் ஒருத்திதான் முகத்துக்கு நேரே கேட்டவள். "தெரியல. விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றேன். உண்மையிலேயே விசாரிக்கப் போனேன், திண்டிவனத்துக்கு, ஒரு பெண் டாக்டரிடம். அவள் கேட்டிராவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றியிருப்போமோ.

சங்கீதாவுக்கு எதிர்ப்பக்கத்துச் சிக்கல். கல்யாணமாகிச் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளில் ஏறிய எடை, கம்ப்யூட்டர் சென்டரில் நாள் முழுக்க உட்கார்ந்த எடை. மாதவிலக்கு ஒழுங்கில்லை. பிள்ளைக்காகப் போய்ப் பார்த்த விழுப்புரம் டாக்டர் கோடையில் சொன்னது: இருவரும் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் அடுத்ததைப் பார்க்கலாம். "இருவரும்" என்றார். என் மகன் பிரபுவின் காதில் அது விழவில்லை. உரக்கடையில் உட்காருவான், சாயந்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பரோட்டா. ராத்திரி வீட்டில் சோறு.

இவள் குறைத்தாள். விரதத்தால். முதலில் செவ்வாய், வெள்ளி. இப்போது ஆடி பிறந்ததிலிருந்து மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு, ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் பாலும் பழமும். இன்று அதுவும் இல்லை. கேட்டால் சிரிப்பு.

ரவிக்கை ஒன்றுதான் முடிந்தது. கண் வலி.

ஆடி 16, வெள்ளி

காத்து. காலையில் கரண்ட் இல்லை. அம்மன் கோயிலில் கூழ். வரிசையில் எனக்குப் பின்னால் இருவர் பேசிக்கொண்டது:

"டீச்சர் ஊட்டு மருமவ பாதியா ஆயிட்டா பாரு."

"அம்மனுக்கு இருக்குறா இல்ல. அந்த மூஞ்சில இன்னா களை."

எனக்குத் தெரிந்தது கன்னத்துக் குழிதான். சொல்லவில்லை. ஊரே மெச்சும்போது மாமியார் குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, கற்பூரம், அவருடைய கண் சொட்டு மருந்து.

மத்தியானம் சமையலறையில் சங்கீதா என் பக்கத்தில் வந்து நின்றாள். குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சு வெளியே கேட்காதிருக்க.

"அத்தை, நாள் தள்ளிப் போயிருக்குது. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை. மாமாவிடம் மட்டும் சொல்லட்டுமா என்றேன். தலையாட்டினாள். பிரபுவிடம் நேற்றே சொல்லிவிட்டாளாம். அதுதான் காலையில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு கடைக்குப் போனான். கர்ப்பம் உண்டா என்று வீட்டில் பார்க்கும் அட்டை இன்னும் வாங்கவில்லை. மாதாமாதம் ஒற்றைக் கோட்டையே பார்த்துப் பார்த்துப் பயம். ஆடிப் பெருக்கு அன்று பார்க்கலாம் என்றாள்.

அவரிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மாங்காயோடு வந்தார். பருவம் முடியப்போகிறது, எங்கே தேடினாரோ. அவள் விரதம், தொடவில்லை. அவரே உப்புப் போட்டுத் தின்றார்.

எங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்தது. அதே தொண்டூர்க் காலம். முதல் பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு ஓட்டம், பஸ் இறக்கிவிட்டதும் ஏரிக்கரை மேல் நடை, மத்தியானம் டப்பாவில் கொஞ்சம் தயிர் சாதம், அதிலும் பாதி பிள்ளைகளுக்கு. நாள் தள்ளியது. அன்று சாயந்திரம் இவர் சைக்கிளோடு பஸ் நிறுத்தத்தில். பின்னால் உட்கார வைத்து, தான் ஏறாமல், தண்ணீர்க் குடத்தைக் கொண்டுபோவதுபோலத் தள்ளிக்கொண்டே வந்தார். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மேடு பள்ளம் வந்தால் மட்டும் "புடிச்சிக்கோ". வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் வீடு வந்ததில்லை.

அது ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. இன்று அதை நினைக்க வேண்டாம்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. நல்ல வெயில். தேங்காய் சாதம், எலுமிச்சை, புளி, தயிர். ஆற்றுக்கு எங்கே போவது; போர் மோட்டாரைப் போட்டு, தொட்டியில் விழும் தண்ணீருக்கே மஞ்சள், பூ.

காலையில் அட்டையில் பார்த்தாள். ஒற்றைக் கோடு. குளியலறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் அசைத்தாள்.

பிரபு விடவில்லை. "அது சில பேருக்கு லேட்டாதான் காட்டும்மா. போன்ல போட்டிருக்கான்." நம்புகிறான். அவள் அவன் முகத்தைப் பார்த்துத் தானும் நம்பினாள்.

தொட்டியருகே குனிந்து பூப் போட்டவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தொட்டுப் பார்த்தேன்: ஆடி வெயிலில் கை ஐஸ். வெயில்தான் அத்தை, ஒன்றுமில்லை என்றாள். பக்கத்து வீட்டு லட்சுமிக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. மதில் மேலிருந்தே, "மசக்கைனா அப்படித்தான் இருக்கும் டீச்சர், பயப்படாதீங்க" என்றாள். வீட்டில் எல்லோர் முகமும் மறுபடி மலர்ந்தது. அவர்கூட.

பிரபு நாலு சாதமும் இரண்டு சுற்று. அவள் தயிர் சாதம் ஒரு கரண்டி, பிரசாதம் என்று.

அப்புறம் குளியலறைத் தண்ணீர் போகவில்லை என்று வடிகால் சல்லடையை எடுத்தேன். ஒரு கொத்து முடி.

எனக்கு அந்த முடியைத் தெரியும். தொண்டூர்க் காலத்தில் என் சீப்பு நிறைய அதுதான். பின்னல் எலிவாலாகிவிட்டது என்று அவர் கேலி செய்வார். திண்டிவனம் டாக்டர் நாடி பார்ப்பதற்கு முன்னால் என் தலையைத்தான் பார்த்தார். காலையில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அதற்கப்புறம் அவர் அதிகம் கேட்கவில்லை. மருந்தைவிடச் சாப்பாட்டைத்தான் நிறைய எழுதினார்.

விழுப்புரத்துக்கு போன் செய்தேன். செவ்வாய், காலை 11 மணிக்கு வரச் சொன்னார்கள்.

ஆடி 20, செவ்வாய்

நான், சங்கீதா, பிரபு. பஸ்ஸில் உட்கார இடம். வெக்கை.

ஸ்கேன் பார்த்தார்கள். குழந்தை இல்லை. டாக்டர் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டு, சங்கீதா கண்ணைத் துடைக்கும்வரை காத்திருந்தார். பிறகு, நேற்று என்ன சாப்பிட்டாய் என்றார். பால், வாழைப்பழம். முந்தாநாள்? ஒரு கரண்டி தயிர் சாதம். இப்படி எவ்வளவு காலமாக? இவள் மணிக்கட்டைப் பார்த்தாள்.

அவர் சொன்னதை முடிந்தவரை எழுதி வைக்கிறேன். எடை கூடினாலும் முட்டை முதிர்வது கெடும், ஒரேயடியாகப் பட்டினி கிடந்தாலும் கெடும். ஊரில் பஞ்சம் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது, பஞ்சத்தில் பிள்ளைப்பேறு எதற்கு என்று அந்த வேலையை நிறுத்திவிடுகிறது. நாள் தள்ளியது அதனால்தான் இருக்கும். வேறு காரணமும் உண்டா என்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள். "நான் மெதுவா குறைக்கச் சொன்னேம்மா. அடுப்ப அணைக்கச் சொல்லல."

பிரபு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனையும் எடை மெஷினில் ஏறி நிற்கச் சொன்னார். முள் கோடையில் நின்ற இடத்தைத் தாண்டி நின்றது. ஆணின் தொப்பையும் விந்தணுவைக் கெடுக்கும், அன்றைக்கே உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன் என்றார். அவன் செருப்பு மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

திரும்பும்போது சங்கீதா ஜன்னலோரம். நான் பக்கத்தில். பிரபு படியருகே நின்றுகொண்டான். பாதி வழியில் சங்கீதா சொன்னாள்:

"சாமிக்கும் ஆச்சு, டாக்டருக்கும் ஆச்சுன்னு நெனச்சேன் அத்தை."

சரி, இனி சாப்பிடலாம் என்றேன். முடியாது என்றாள். அப்போதுதான் முழுதும் சொன்னாள். ஆடி மட்டும் இல்லையாம். பிள்ளை தங்கும்வரை ஒரு வேளை என்று நேர்ந்து காப்புக் கட்டியிருக்கிறாள். "நடுவுல அவுத்தா குத்தம் ஆயிடும். அப்புறம் எப்பவுமே இல்லாம போயிட்டா?"

சாப்பிட்டால் அம்மன் தர மாட்டாள். சாப்பிடாவிட்டால் உடம்பு தராது. இதற்கு எந்த எடுத்துக்காட்டைச் சொல்வது? அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திண்டிவனம் ரயிலடியில் அந்த நாளில் ஒரு எடை மெஷின். வண்ண பல்பு சுற்றும், காசு போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். டாக்டரிடம் போகும்போதெல்லாம் இவர் என்னை அதில் ஏற்றுவார். கொஞ்சம் கூடியிருந்தால் முகம் அந்த பல்பு மாதிரி. ஜோசியத்தைச் சத்தமாகப் படிப்பார், எடையை மனசுக்குள். "பயணம் கைகூடும்" என்று வந்த நாளில் வேர்க்கடலை உருண்டை வாங்கித் தந்து, அங்கேயே நிற்க வைத்துத் தின்ன வைத்தார். அப்புறம் வெகுநாள் கழித்துத்தான் பிரபு. நேராக வந்துவிடவில்லை.

இதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். பஸ் அதற்குள் எங்கள் ஊர் செஞ்சிக்கு வந்துவிட்டது.

ஆடி 23, வெள்ளி

ராத்திரி நல்ல மழை. முன்பே அள்ளி மூடியதால் மாடியில் மல்லாட்டை நனையவில்லை, அவருக்கு வெற்றி.

நேற்று நடந்தது. பிரபு கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தான். இன்னாடா, இன்னைக்கி பரோட்டாக் கடை லீவா என்று அவர் கேட்டார். "இல்ல நைனா" என்றுவிட்டு, அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் போய் நின்றான்.

"அந்தக் காப்ப எனக்குக் கட்டு. நான் இருக்குறேன்."

அவள் நிமிரவில்லை. "நீங்க ஒரு வேள தாங்க மாட்டீங்க."

"அம்மனுக்கும் அது தெரியும் இல்ல? நீ பத்து நாள் இருக்குறதும் நான் ஒரு நாள் இருக்குறதும் ஒண்ணுதான். எனக்குதான் தொப்ப இருக்குது. புள்ள ரெண்டு பேருக்கும்தான கேட்ட?"

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பு மாட்ட நேரமானபோதே இதை யோசித்திருக்கிறான்.

அவளுக்கு நம்பிக்கை இல்லை. பூசாரியைக் கேட்டால்தான் என்றாள். நாலு பேரும் போனோம். பூசாரி முழுக்கக் கேட்டார். ஒரே குடும்பத்து நேர்த்தி, பொண்டாட்டிக்கு உடம்பு முடியலன்னா புருஷன் ஏத்துக்கறது புதுசு இல்ல என்றார். காப்பை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தார். புதுக் கயிறு ஒன்றை மஞ்சளில் தோய்த்து அவன் மணிக்கட்டில். அவிழ்க்கும்போது சங்கீதா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது முதலில் பார்த்தது அம்மனை இல்லை, அவனை.

வழியிலேயே நான் கண்டிஷன் போட்டேன்: இவனும் பட்டினி கிடக்கக் கூடாது. செவ்வாய், வெள்ளி ராத்திரி பால் மட்டும். பரோட்டா என்றைக்கும் கிடையாது. தினம் அப்பாவோடு ஊர்க் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை அடிவாரம் வரை நடை. பிரபு, "வாத்தியார் ஊட்டுல பொறந்தா இதான்" என்றான்.

இன்று காலை இட்லி, தக்காளிச் சட்னி. அவரும் பிரபுவும் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பிரபு தட்டில் வழக்கத்தில் பாதி. மீதியை ஏக்கமாகப் பார்த்தான், கேட்கவில்லை.

சங்கீதா அடுப்புப் பக்கம் நின்றபடியே கையில் ஒரு இட்லி. ஒரு விள்ளல் வாயில். மெல்லவில்லை. இடது கை வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தது. பயம் போகவில்லை. ஒரே நாளில் எப்படிப் போகும். பலன் உண்டா, எப்போது, எனக்கும் தெரியாது. அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுப்பை நான் அணைத்தேன். தட்டைக் கழுவி, பிரபுவுக்கும் எனக்கும் நடுவில் போட்டேன். வந்தாள். உட்கார்ந்தாள். மென்றாள். இன்னொன்று வைக்கட்டுமா என்றேன். தட்டை என் பக்கம் நகர்த்தி, "ம்" என்றாள்.

யாராவது என்றைக்காவது இதைப் புரட்டினால், உடம்பு கூட்ட வேண்டியவரோ குறைக்க வேண்டியவரோ: நாளைக் காலையில் சமைத்து முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, தட்டு போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.